‘ஒண்ணும் தோணல மக்கா’: கோளாறு பார்த்து சரிசெய்யும் முறை

குமரி மாவட்டம் தக்கலையில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். கல்யாணக் கார்டு, கோயில் கொடைவிழா நோட்டீஸ், திருவிழா பேனர், நாற்பதாம் நாள் நினைவு அட்டை எல்லாம் செய்து கொடுப்பேன். பதினாறு வருஷம் ஆகிறது. பிரிண்டர் மக்கர் செய்தால் முதலில் மின்சாரம் வருகிறதா என்று பார்ப்பேன், அப்புறம் மை, அப்புறம் நாசில் அடைப்பு. மை பீய்ச்சும் ஹெட்டைக் கடைசியில்தான் தொடுவேன், மாற்றினால் மாத வருமானமே போய்விடும். ஆனால் நம் சொந்த மண்டை மக்கர் செய்யும்போது மட்டும் எடுத்த எடுப்பில் “நமக்கு இதுக்கெல்லாம் தலை கிடையாது” என்று ஹெட்டில் போய் நிற்கிறோம். நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கோளாறு மின்சாரத்திலோ மையிலோதான் இருக்கும்.

கடையில் எனக்கு வந்த கோளாறுகளையும், எதிர் நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சொறிந்தவர்களுக்கு வந்த கோளாறுகளையும் அறிகுறி வாரியாகக் கீழே எழுதியிருக்கிறேன். கார்டுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு என்ன கறி, பிள்ளைக்கு என்ன ப்ராஜெக்ட், பேக்கரிக்கு என்ன பெயர் என்று முழிப்பதும் இதே கோளாறுதான். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

அறிகுறி 1: வெள்ளைத் தாளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன், ஒன்றுமே வரவில்லை

முதல் சோதனை, வயிறும் தூக்கமும்

சிரிக்காதீர்கள், இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். குலசேகரம் பக்கத்திலிருந்து ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர், மகள் கல்யாணத்துக்கு வரவேற்பு வாசகம் சொல்ல சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தார். விடியுமுன்பே மரத்தடிக்குப் போனவர். “புதுசா ஒரு வரி வேணும் தம்பி” என்று சொன்னவர் அடுத்த வார்த்தைக்குக் கண் செருகிவிட்டார். நாளைக்குப் பால் வேலை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பதினொரு மணிக்கு வாருங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் வந்தார், ஐந்து நிமிஷத்தில் மூன்று வரி சொன்னார். மூன்றும் நான் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாக இருந்தன.

சாப்பாடும் தூக்கமும் சரி என்றால், கேள்வியைப் பாருங்கள்

“நல்ல கார்டு செய்ய வேண்டும்” என்பது கேள்வியே இல்லை. அதற்கு மண்டை எப்படிப் பதில் சொல்லும்? கேள்வியைச் சின்னதாக்கி, ஒரு ஆளை அதில் உட்கார வையுங்கள். “வாசலில் கார்டை வாங்கும் ஆச்சி கண்ணாடி போடாமல் எதைப் படிக்க முடியும்?” இப்படிக் கேட்டால் எழுத்து பெரிதாகிறது, பூ ஓரத்துக்குப் போகிறது, மணமக்கள் பெயர் நடுவுக்கு வருகிறது. கடைக்குப் பெயர் தேடுகிறவர் “நல்ல பெயர்” தேடக் கூடாது. “பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்க்கிறவர் வாய்க்குள் சொல்லிப் பார்க்கும் பெயர்” என்று தேடினால் பாதிப் பெயர்கள் தாமாகவே கழிந்துவிடும்.

கேள்வியும் சரி என்றால், போன்

இருபது நிமிஷம் மேஜை இழுப்பறைக்குள் போகட்டும். முதல் பத்து நிமிஷம் கை அரிக்கும், அதைத் தாண்டினால் போதும்.

அதுவும் சரி என்றால், எழுந்து நடங்கள்

இதற்கு ஆராய்ச்சியே உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2014இல் வெளியிட்டது. உட்கார்ந்து யோசித்ததைவிட நடந்துகொண்டு யோசித்தபோது புது யோசனைகள் சராசரியாக 60 சதவீதம் கூடின. வெளியே போகக்கூட வேண்டாம், சுவரைப் பார்த்தபடி ட்ரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் பலன் கிடைத்தது. நடந்து முடித்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அது நீடித்தது. ஒரு எச்சரிக்கை: ஒரே சரியான விடை வேண்டிய கணக்குக்கு நடை உதவவில்லை. ஆகவே யோசனைகளைக் குவிப்பதற்கு நடங்கள், குவித்ததில் நல்லதைப் பொறுக்க உட்காருங்கள். மழை என்றால் (நம் மாவட்டத்தில் இரண்டு பருவமும் பெய்யும், சாக்குக்குப் பஞ்சமில்லை) திண்ணையிலோ மாடியிலோ குறுக்கும் நெடுக்கும் போய் வாருங்கள்.

நடந்தும் ஒன்றும் வரவில்லை என்றால் மை தீர்ந்திருக்கிறது. அடுத்த அறிகுறியின் கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அறிகுறி 2: வருகிறது, ஆனால் வருவதெல்லாம் பழசு

இந்தக் கோளாறில் நான் அடிபட்ட அளவுக்கு வேறு எதிலும் அடிபட்டதில்லை. ஒரு வைகாசி முகூர்த்த சமயம். ஒரு நாளைக்கு நாலு கார்டு போய்க்கொண்டிருந்தது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக் கல்யாணம், ஒரே வாரத்தில். இரண்டுக்கும் அதே மயில், அதே ரோஜா பார்டர், அதே நாலு வரிக் கவிதை. எனக்கு நினைவே இல்லை. மணப்பெண்ணின் மாமா இரண்டு கார்டையும் கொண்டுவந்து என் மேஜையில் அருகருகே வைத்தார். திட்டவில்லை. “ஏலே மக்கா, பேர மட்டுந்தான் மாத்துனியா?” என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு நாள் மனதில் நின்றிருக்காது.

சோதனை: நீங்கள் கடைசியாகச் செய்த பத்தை எடுத்துத் தரையில் பரப்புங்கள். கார்டு செய்கிறவர் என்றால் பத்து கார்டு. சமைக்கிறவர் என்றால் போன பத்து நாள் மதியக் கறியைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். மேடையில் பேசுகிறவர் போன பத்துப் பேச்சின் முதல் வரிகளை எழுதலாம். எது மூன்று தடவைக்கு மேல் வருகிறதோ அதுதான் அடைப்பு. என் தரையில் பத்தில் ஏழு மயில் இருந்தது.

காரணம் ஒன்று: முதலில் வந்ததோடு நிறுத்திவிடுகிறீர்கள்

இப்போதே பேனா எடுங்கள். சிரட்டைக்கு, அதாவது கொட்டாங்குச்சிக்கு, என்னென்ன பயன்? எழுதுங்கள். அகப்பை, அடுப்புக்கு, கரி, ரப்பர் பால் பிடிக்க, உண்டியல், செடி வைக்க. ஆறு வந்துவிட்டது. நம் ஊரில் யாரைக் கேட்டாலும் இதே ஆறுதான் வரும், வரிசைகூட மாறாது. இங்கே நிறுத்தினால் உங்களுக்கும் பக்கத்துக் கடைக்காரருக்கும் வித்தியாசம் இல்லை. இருபது வரை போங்கள். ஒன்பதாவதில் வறண்டுவிடும், எரிச்சல் வரும், பேனாவை வைக்கத் தோன்றும். அந்த இடத்தைத் தாண்ட வேண்டும். என் மருமகள் பதிமூன்றாவதாக “நிலாவுக்கு மூடி” என்று எழுதினாள். பயன் என்று பார்த்தால் அது தப்பு. ஆனால் சிரட்டை கவிழ்த்த நிலா ஒன்று பிறகு ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் கார்டில் ஏறியது. அந்தக் கார்டுக்காகவே புதிதாக மூன்று பேர் வந்தார்கள்.

இப்போது ஏஐ செயலியிடம் கேட்டால் நொடியில் பத்து வரி எழுதித் தருகிறது. நானும் கேட்பேன், மறைப்பானேன். ஆனால் முதலில் கேட்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரும் அதையேதான் கேட்டிருப்பார். அவருக்கும் அதே “இரு மனங்கள் இணையும் திருநாள்” வந்திருக்கும். என் இருபதை எழுதி முடித்த பிறகு இருபத்தொன்றாவதாக அது வரட்டும்.

காரணம் இரண்டு: கையில் எல்லாமே இருக்கிறது

கம்ப்யூட்டரில் நானூறு எழுத்துரு, பல்லாயிரம் படம். இவ்வளவும் திறந்து கிடந்தால் கை பழகிய இடத்துக்கே போகும். எதையாவது பூட்டுங்கள். நான் ஒரு மாதம் மயிலைப் பூட்டினேன். அடுத்த மாதம் தங்க நிறத்தை. கடைப் பையன் “அண்ணே, தங்கம் இல்லாம கல்யாணக் கார்டா?” என்று அலறினான். அந்த மாதம் மரவண்ணத்தில் போன கார்டை இப்போதும் காட்டிக் கேட்கிறார்கள்.

அடுக்களையிலும் இதே வைத்தியம் வேலை செய்யும். ஒரு வாரம் தேங்காய் அரைப்பதில்லை என்று வீட்டில் சொல்லிப் பார்த்தோம். குமரி மாவட்டத்துக்காரரிடம் தேங்காயை நிறுத்தச் சொல்வது மூச்சை நிறுத்தச் சொல்வது மாதிரி. முதல் இரண்டு நாள் வீட்டில் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் வேகவைத்த மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கை உதிர்த்து, நல்ல மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு, கருவாட்டுத் துண்டோடு தாளித்து ஒன்று வந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, ஆனால் மாதம் இரண்டு தடவை ஆகிறது. ஒரு வாரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், குடும்பம் தாங்காது.

காரணம் மூன்று: மை தீர்ந்துவிட்டது

இதற்கு அரை நாள் போகும், பஸ் காசும் போகும். அதனால்தான் கடைசியில் வைத்திருக்கிறேன். நீங்கள் பார்ப்பது உங்கள் தொழில்காரர்கள் செய்வதை மட்டும் என்றால், உங்களிடமிருந்து வருவதும் அதுவாகத்தான் இருக்கும். கார்டு செய்கிறவன் கார்டைப் பார்த்தால் கார்டுதான் வரும். வேறு தொழில்காரன் கையைப் போய்ப் பாருங்கள்.

நான் போனது தோவாளை. பூச்சந்தைக்கு இல்லை, மாணிக்க மாலை கட்டுகிறவர் வீட்டுக்கு. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகும் மாலை அது. 2025இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சாதாரண மாலை போல உருண்டையாக இருக்காது, பாய் முடைந்த மாதிரி தட்டையாக இருக்கும். அரளிப் பூவை அவர் அப்படியே வைக்கவில்லை. இதழை மடக்கி, பெருவிரலால் அழுத்தி, முந்தைய பூவின் ஓரத்தில் ஒட்டினாற்போல் செருகினார். பச்சைக்கு நொச்சி இலை, அதுவும் மடிப்புதான். சிவப்பு, வெள்ளை, பச்சை, அவ்வளவே. தள்ளி நின்று பார்த்தால் வரிசை வரிசையாகக் கல் பதித்தது போல இருந்தது. பூவைப் பூவாகவே காட்டாமல் கல்லாகக் காட்டலாம் என்பது கார்டில் பதினாறு வருஷமாக ரோஜா ஒட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்றுதான் உறைத்தது.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், தக்கலைக்காரர்களுக்கு இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மர மேற்கூரையை அண்ணாந்து பாருங்கள். தொண்ணூறு வகைப் பூ செதுக்கியிருப்பதாகச் சொல்வார்கள். நீங்களே எண்ணிப் பாருங்கள், கழுத்து வலிப்பதற்குள் கண் வேறு மாதிரி வேலை செய்யத் தொடங்கும். பளபளக்கும் கறுப்புத் தரையில் சிரட்டைக் கரியும் முட்டை வெள்ளைக் கருவும் கலந்திருப்பதாக அங்கே சொல்வார்கள். ஆக, மேலே எழுதிய சிரட்டைப் பட்டியலில் ஏழாவது தயார். திங்கட்கிழமை போக வேண்டாம், பூட்டியிருக்கும். நான் இரண்டு தடவை போய்த் திரும்பியிருக்கிறேன்.

அறிகுறி 3: குளிக்கும்போது வருகிறது, துவட்டுவதற்குள் காணோம்

கோளாறு மண்டையில் இல்லை, பையில். சட்டைப் பையில் நாலாக மடித்த தாளும் பென்சில் துண்டும் வையுங்கள். பேனா வேண்டாம், மழையில் கசியும். போனில் எழுதுகிறேன் என்று எடுத்தால் வாட்ஸ்அப் பார்த்துவிட்டு வந்த விஷயத்தையே மறந்துவிடுவீர்கள். ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு எழுதுங்கள்.

அறிகுறி 4: பாதிவரை வந்தது, நடுவில் முடிச்சு விழுந்துவிட்டது

முதலில், வேறு வேலை. தலை வேண்டாத, கைக்கு மட்டுமான வேலை. கார்டுக்கு மடிப்பு விழ வைப்பது, பயறு தோலுரிப்பது, மீன் செதில் எடுப்பது. பதினைந்து நிமிஷம். முடிச்சைப் பற்றி வேண்டுமென்றே நினைக்காதீர்கள்.

அவிழவில்லை என்றால், வேறு ஆளுக்குச் சொல்லுங்கள். யோசனை கேட்க வேண்டாம், என்ன சிக்கல் என்று மட்டும் சொல்லுங்கள். எதிர்க்கடை டெய்லர் மாமாவிடம் நான் பாதி சொல்லும்போதே “சரி சரி, புரிஞ்சுபோச்சு” என்று எழுந்து வந்திருக்கிறேன். அவர் வாயே திறந்திருக்க மாட்டார்.

அதிலும் அவிழவில்லை என்றால், சாவிக்கொத்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து, கடைச் சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுங்கள். கண் அசரும் நேரம் பிடி தளர்ந்து சாவி தரையில் விழும், சத்தத்தில் விழிப்பீர்கள். அந்த நொடியில் தலைக்குள் என்ன இருக்கிறதோ எழுதுங்கள். பிரான்சில் 2021இல் இதைச் சோதித்தார்கள். ஒளிந்திருக்கும் குறுக்குவழி ஒன்று உள்ள எண் புதிரைக் கொடுத்து, நடுவில் இருபது நிமிஷம் கையில் பொருளோடு சாய்ந்திருக்கச் சொன்னார்கள். மேலோட்டமான தூக்கத்தைத் தொட்டவர்களில் 83 சதவீதம் பேர் குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். விழித்தே இருந்தவர்களில் 30 சதவீதம் பேர். ஆழ்ந்து தூங்கிவிட்டவர்களில் 14 சதவீதம்தான். ஆகவே பாய் விரிக்கக் கூடாது, சாவிதான் முக்கியம். என் அனுபவத்தில் ஐந்தில் இரண்டு தடவை ஏதாவது வரும். மீதி மூன்று தடவை, கல்லாவில் யாரோ நிற்கிறார் என்று பையன் எழுப்புவான்.

அறிகுறி 5: தனியாக இருந்தால் வருகிறது, கமிட்டியில் உட்கார்ந்தால் வருவதில்லை

கொடைவிழா கமிட்டியோ, பங்கு திருவிழாக் குழுவோ, ஊர் நூலக ஆண்டுவிழாவோ, காட்சி ஒன்றுதான். எட்டுப் பேர், எட்டு சாயா. பேனர் வாசகம் என்ன வைக்கலாம் என்று கேட்டால், தலைவர் தொண்டையைச் செருமி ஒன்று சொல்வார். மற்ற ஏழு பேரும் “அது நல்லாருக்கு அண்ணே” என்பார்கள். போன வருஷத்து வாசகமே இந்த வருஷமும் அச்சாகும்.

எளிய சோதனை: கூட்டம் கலைந்த பிறகு ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள். ஆளுக்கொரு நல்ல யோசனை இருந்தால் பழுது கூட்டத்தில்தான். ஒருவரிடமும் இல்லை என்றால் எல்லோரும் அறிகுறி 2.

பழுது கூட்டத்தில் என்றால் பேசத் தொடங்கும் முன் ஆளுக்கொரு துண்டுத் தாள். பத்து நிமிஷம் யாரும் பேசக் கூடாது. ஆளுக்கு மூன்று எழுதி, பெயர் போடாமல், ஒரு பனை நார்ப் பெட்டியில் போடுங்கள். கூட்டத்தில் இளையவர் ஒருவர் எடுத்து வாசிக்கட்டும். யார் எழுதியது என்று தெரியாதபோது தலைவரின் யோசனைக்கும் பள்ளிக்கூடப் பையனின் யோசனைக்கும் ஒரே மரியாதை. யேல் பல்கலைக்கழகத்தில் 1958இலேயே பார்த்துவிட்டார்கள். நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து சொன்னதைவிட, தனித்தனியே யோசித்த நாலு பேருடையதைக் கூட்டினால் யோசனைகள் அதிகமாகவே இருந்தன. ஒன்றாக உட்காருவது பொறுக்கி எடுக்கும்போது இருக்கட்டும்.

தலைவர் தாளில் எழுத மறுத்தால்? அதற்கு என்னிடம் வழி இல்லை. போன வருஷ பேனரில் வருஷத்தை மட்டும் மாற்றித் தருகிறேன்.

அறிகுறி 6: பிள்ளை “நீங்களே செஞ்சு தாங்கப்பா” என்கிறது

பெரும்பாலும் காரணம் நாம்தான். போன தடவை அது செய்த வீட்டுக்கு மேற்கூரை கோணல் என்று நாம் பிரித்து ஒட்டியிருப்போம். இந்தத் தடவை கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மார்த்தாண்டத்தில் திறந்திருக்கும் கடை தேடி தெர்மோகோல் வாங்க ஓட வேண்டாம். பின்வாசலுக்கு அனுப்புங்கள். கதம்பல் (தேங்காய் மட்டை), சிரட்டை, கமுகம்பாளை (பாக்கு மரப் பாளை), ஓலை ஈர்க்கில், பருவம் என்றால் ரப்பர் கொட்டை. இவற்றில் மூன்றை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். “என்ன செய்யப்போற?” என்று கேட்கக் கூடாது. “இது எதைப் பார்த்தா மாதிரி இருக்கு?” என்று கேளுங்கள். கோணலாக வந்தால் கோணலாகவே பள்ளிக்கூடம் போகட்டும். கோணலுக்கு மார்க் குறைத்த டீச்சரும் உண்டு, அதைப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

அறிகுறி 7: யோசனை மட்டுமல்ல, எதிலுமே மனம் ஒட்டவில்லை

இங்கே நான் எழுதிய நடையும் சாவிக்கொத்தும் வேலை செய்யாது. இது ஆள் கூப்பிட வேண்டிய இடம்.

எனக்கே நடந்தது. நாலைந்து மாதம், எந்தக் கார்டைத் தொட்டாலும் வெறுப்பு. பத்து மணி நேரம் தூங்கியும் சோர்வு. திறமை வற்றிவிட்டது, கடையை விற்றுவிடலாம் என்று விலைகூடக் கேட்டேன். வீட்டுக்காரிதான் “கடைய விக்கிறதுக்கு முன்னாடி ரத்தத்த பாருங்க” என்று இழுத்துப்போனாள். தைராய்டு குறைவு. மாத்திரை தொடங்கி இரண்டு மாதத்தில் நிலைமை மாறியது. ரத்தசோகை, பி12 குறைவு இரண்டும் இதே மாதிரி ஆளைக் கட்டிப்போடும். இரவில் பலத்த குறட்டையும் பகலில் தூக்கக் கலக்கமும் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ரத்தம் எல்லாம் சரி, ஆனாலும் இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்தே இருக்கிறது, முன்பு பிடித்த எதுவும் பிடிக்கவில்லை, பசியோ தூக்கமோ மாறிவிட்டது என்றால் மனநல மருத்துவர். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புறநோயாளர் சீட்டு வாங்கிப் போகலாம், தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தயங்க வேண்டாம். நேரில் போக முடியவில்லை என்றால் டெலி மானஸ், எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை எட்டிப் பார்த்தாலும் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே அழையுங்கள், வீட்டில் ஒருவரிடமும் சொல்லிவிடுங்கள். கார்டை யாராவது கேட்டால் அடுத்த வாரம் வரச் சொல்லலாம்.